உரக்க யாருக்குச் சொந்தம்

ஆவடி,
26 ஜூன் 2024

திரு. பரந்தாமன் அவர்களுக்கு,

நான் சுலோசனா. திருமுல்லைவாயிலில் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. சுலோசனா என்றால் அழகிய கண்ணுடையவள் என்று பொருள். மற்றவர்கள் சொல்லிச் சிரிப்பதற்குள் நானே சொல்லிவிடுவது வழக்கம்.

கணினியில் உள்ள தமிழை வாசித்துக் காட்டும் உங்கள் 'உரக்க' நிரலை நான்கு வருடமாகப் பயன்படுத்துகிறேன். இந்த மாதம் நீங்கள் விட்ட புதிய பதிப்பை நம்பி நிறுவினேன். மறுநாள் பத்தாம் வகுப்பில் ஸ்பீக்கரைப் போட்டு, நான் தயாரித்த பாடக்குறிப்பை ஓடவிட்டேன். 'கி.மு. மூன்றாம் நூற்றாண்டில்' என்று எழுதியிருந்ததை அது 'கிலோ மு. மூன்றாம் நூற்றாண்டில்' என்று வாசித்தது. ஒரு பையன் எழுந்து, "மிஸ், கிலோ இன்னா வெலை மிஸ்?" என்றான். பின்னால் இருந்து இன்னொருவன், "அசோகரு கிலோ கணக்குல கீறாருடா" என்றான். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? அன்றிலிருந்து எனக்கு 'கிலோ மிஸ்' என்று பெயர்.

அது போகட்டும். அதைக் கேள்விப்பட்ட தலைமையாசிரியர் நல்ல மனதோடு, "பேசாம யாராவது ஒரு பிள்ளைய வாசிக்கச் சொல்லுங்களேன் டீச்சர்" என்றார். அடுத்தவர் வாசித்துத்தான் கேட்கவேண்டும் என்ற நிலையிலிருந்து வெளியே வர எனக்கு எவ்வளவு காலம் ஆனது என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

உங்கள் இணையப் பக்கத்தில் பிழையைப் பதிந்தேன். பதில் இல்லை. பார்வையற்றோர் குழுவில் என் வருத்தத்தை எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. அதனால் இந்த மின்னஞ்சல். சோதித்துப் பார்க்காமல் ஏன் வெளியிட்டீர்கள்?

சுலோசனா


வேப்பம்பட்டு,
30 ஜூன் 2024

மேடம்,

குழுவில் எழுதினேன் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை.

நீங்கள் எழுதியதைப் படம் பிடித்து யாரோ பொதுவில் போட்டார்கள். மேலே 'இலவசம் என்ற பெயரில் மாற்றுத்திறனாளிகளை ஏமாற்றும் சோம்பேறி' என்று ஒரு தலைப்பு. அதை ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்தார்கள். அவர்களில் ஒருவராவது உரக்கவைப் பயன்படுத்தியிருப்பாரா என்பது சந்தேகம். என் புகைப்படத்தையும் நான் வேலை செய்யும் கம்பெனியின் பெயரையும் தேடிப் போட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பைக் கடையும் சி.என்.சி. இயந்திரங்களுக்கு நிரல் எழுதுவது என் வேலை. சூப்பர்வைசர் கூப்பிட்டு, "இன்னா பரந்தாமா, நீ ஏதோ ஏமாத்துக்காரன்னு போட்டுக்கீறாங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

கி.மீ., கி.கி. என்று வருவதை விரித்து வாசிக்கவேண்டும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். சேர்த்தேன். கி.மு. நினைவுக்கு வரவில்லை. தப்புதான். உரக்க என் வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் ரயிலிலும் உட்கார்ந்து எழுதுவது.

இனி எழுதப்போவதில்லை. நேற்றோடு நிறுத்திவிட்டேன். இது கட்டற்ற மென்பொருள். மூல நிரல் முழுவதும் இணையத்தில் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். நீங்களும்.

பரந்தாமன்


ஆவடி,
3 ஜூலை 2024

பரந்தாமன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டியது உங்கள் நிரல்தான். இவ்வளவு கோபத்தை இத்தனை சாந்தமாக யாரும் வாசித்திருக்க முடியாது. இரண்டு முறை கேட்ட பிறகுதான் நீங்கள் எவ்வளவு நொந்திருக்கிறீர்கள் என்று புரிந்தது.

நான் எழுதியது அதைவிட நீளம். உரக்க வந்த பிறகு நான் வாசித்த புத்தகங்களைப் பற்றித்தான் முதல் பாதி. அதை வெட்டிவிட்டு மிச்சத்தைப் படமாக்கியிருக்கிறார்கள். 'சோம்பேறி' என் சொல் அல்ல. வேடிக்கை என்னவென்றால், படத்தில் இருக்கும் எழுத்தை உரக்க வாசிக்காது. என்னுடைய சொற்களையே என்னால் வாசிக்க முடியாதபடி ஆக்கி, எனக்காகப் பரிந்து பேசுவதாகச் சொல்லிக்கொண்டு ஊர் முழுக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள். என் தங்கை ஷோபனா வாசித்துச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். 'நான் சொன்னது இதல்ல' என்று கீழே எழுதினேன். ஒருவர், 'பயப்படாதீங்க சகோதரி, நாங்க இருக்கோம்' என்று பதில் போட்டார். அதோடு விட்டுவிட்டேன்.

ஆனால் உங்கள் கடைசி வரிகளை என்னால் விட முடியவில்லை. திறந்தே கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறீர்கள். அரசு ஆவணக் காப்பகமும் திறந்துதான் இருக்கிறது. பழைய தமிழ்க் கையெழுத்தைப் படிக்கத் தெரியாதவர் உள்ளே போய் என்ன செய்வார்? நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்குத் திறந்த கதவு, மற்றவர்களுக்குச் சுவர். எல்லோருக்கும் பொது என்று பெயர் வைத்துவிட்டு, 'முடிந்தால் வந்து தொட்டுப் பார்' என்று சொல்வதுபோல இருக்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லும் சுதந்திரத்தில் என் பங்கு எது என்று கேட்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தக் கி.மு. எந்தக் கோப்பில் இருக்கிறது? நான் தொட்டுப் பார்க்கிறேன்.

சுலோசனா


வேப்பம்பட்டு,
14 ஜூலை 2024

டீச்சருக்கு,

உடனே பதில் எழுதவில்லை. கோபம் போகட்டும் என்று காத்திருந்தேன். பாதி போயிருக்கிறது.

சுருக்கங்களின் கோப்பு வெறும் எழுத்துதான். நிரல் தெரியவேண்டியதில்லை. ஒரு வரியில் சுருக்கம், பக்கத்தில் சமக்குறி, அதற்குப் பிறகு விரிவு. 'கி.' என்று பொதுவாக ஒரு வரி போட்டிருக்கிறேன். அதுதான் எல்லாக் கி-யையும் கிலோ ஆக்குகிறது. அதை நீக்கிவிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதவேண்டும். கோப்பை இணைத்திருக்கிறேன்.

சாந்தமாக வாசித்தது என்று எழுதியிருந்தீர்கள். சுசீலாவிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சுசீலா என் மனைவி. உரக்கவின் குரல் அவளுடையதுதான். கல்யாணமான புதிதில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, போர்வைக்குள் உட்காரவைத்து, வாரக்கணக்கில் வாக்கியங்களை வாசிக்கவைத்துப் பதிவு செய்தேன். வீட்டில் அவள் அப்படிப் பேசுகிறவள் அல்ல. உங்களுக்கு அந்த முதல் பதிலை நான் தட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று, "இன்னாத்துக்கு இப்போ அந்தம்மாகிட்ட எகிறிகினு கீறே? ஊட்டுக்கு வந்தும் அந்த டப்பாவ கட்டிகினு அழுவாத" என்றாள்.

சுதந்திரத்தில் உங்கள் பங்கு எது என்று கேட்டீர்கள். நான் ஒன்றும் சேவை செய்யவேண்டும் என்று தொடங்கவில்லை. என் குடும்பத்தில் பார்வையற்றவர் யாரும் இல்லை. கம்ப்யூட்டர் தமிழ் பேசினால் எப்படி இருக்கும் என்று ஓர் ஆசை, அவ்வளவுதான். பூந்தமல்லியில் இருக்கும் சபீனா என்பவர் எண்களை வாசிக்கும் பகுதியை எழுதித் தந்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து பேசவைத்துவிட்டோம். அது முதல் வாக்கியம் சொன்ன அன்று இருந்த சந்தோஷம் அதற்குப் பிறகு வரவில்லை. அதற்குப் பிறகு வந்தது எல்லாம் புகார்தான். நன்றாக வாசித்தால் யாரும் எழுதுவதில்லை.

உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். ஒரு நிறுவனம் உரக்கவை முழுதாக வாங்கிக்கொள்ளக் கேட்கிறது. எனக்கும் அங்கே வேலை. பகல் வேலை, இப்போதைவிட நல்ல சம்பளம். எங்கள் கம்பெனியில் நான் இருக்கும் உற்பத்தி லைனை வேறு மாநிலத்துக்கு மாற்றப்போவதாகப் பேச்சு இருக்கிறது. வாங்கிய பிறகு உரக்க அவர்களுடைய கணினி வழியாகத்தான் வேலை செய்யும். இணையம் வேண்டும், மாதக் கட்டணம் உண்டு. மூல நிரலை மூடிவிடுவார்கள். ஆனால் முழுநேரமும் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். பிழையைச் சொன்னால் அன்றே திருத்துவார்கள். உங்களுக்கு அதுதானே வேண்டும்?

பரந்தாமன்


ஆவடி,
4 ஆகஸ்ட் 2024

பரந்தாமன் அவர்களுக்கு,

கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கி.மு.வில் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. வரலாறு, குடிமையியல், ரேஷன் கடை அறிவிப்பு, பத்திரப்பதிவு, மருந்துச்சீட்டு என்று எங்கெல்லாம் புள்ளி வைத்துச் சுருக்குகிறார்களோ அங்கெல்லாம் போய்ப் பொறுக்கி வந்தேன். 'தி.மு.' என்பதைத் திருவள்ளுவருக்கு முன் என்று வாசிப்பதா, திருமணத்துக்கு முன் என்பதா என்று தெரியாமல் விட்டுவிட்டேன். தெரியாததைத் தெரிந்ததுபோல வாசிப்பதைவிட எழுத்தெழுத்தாகச் சொல்வது மேல். ஒவ்வொரு வரியையும் எழுதி, வாசிக்கவைத்துக் கேட்டு, திருத்தினேன். இந்த ஒரு மாதமும் எனக்கு நன்றாகவே போனது.

நிறுவனத்தைப் பற்றிக் கேட்டீர்கள்.

மூன்று வருடத்துக்கு முன் என் அப்பாவுக்கு ஒரு ஸ்கேன் எடுத்தோம். டாங்கி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. அதோடு, வீட்டாருக்கு விளங்கும்படி மருத்துவர் தமிழில் ஒரு பக்கம் எழுதி மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். ஷோபனா வேலைக்குப் போயிருந்தாள். பக்கத்து அறையில் அப்பா செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். நான் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டேன். வீட்டில் அந்தச் செய்தியை முதலில் அறிந்தது நான். சாயங்காலம் வரை யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசிக்க எனக்கு ஒரு பகல் முழுக்கக் கிடைத்தது. கண் தெரிந்தவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. எங்களுக்கு வரும் எந்தச் செய்தியும் இன்னொருவர் வாய் வழியாகத்தான் வந்து சேரும். அன்று அப்படி வரவில்லை. அந்தக் குரல் உங்கள் மனைவியுடையது என்று இப்போதுதான் தெரிகிறது. அவரிடம் சொல்லுங்கள்.

இனி அந்த மாதிரிக் கடிதம் முதலில் ஒரு கம்பெனியின் கணினிக்குப் போய்விட்டு, பிறகு என் காதுக்கு வரும் என்கிறீர்கள். என் கண்ணைக் கொண்டுபோய் யாருடைய அலுவலகத்திலோ வைத்துவிட்டு, வேண்டும்போதெல்லாம் கேட்டு வாங்கிக்கொள்வதுபோல.

ஆனாலும், எனக்காக வேலையை விட்டுவிடாதீர்கள். சம்பளத்தை நான் தரப்போவதில்லை. உங்கள் குடும்பம் உங்களுக்கு. நீங்கள் விற்றால் வருத்தப்படுவேன். திட்டமாட்டேன்.

சுலோசனா


வேப்பம்பட்டு,
19 ஆகஸ்ட் 2024

டீச்சருக்கு,

உங்கள் கோப்பை உரக்கவில் சேர்த்துப் புதிய பதிப்பு விட்டுவிட்டேன். நிறுத்திவிட்டேன் என்று சொன்னவன்தான். ரயிலில் உட்கார்ந்து சேர்த்தேன். பட்டாபிராம் நிலையம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளில் எழுதியவரின் பங்கு எழுதியவருக்கே சொந்தம். எல்லோரும் பயன்படுத்தலாம் என்று அனுமதி மட்டும்தான் கொடுக்கிறோம். அதை மூடி விற்கவேண்டும் என்றால் எழுதிய ஒவ்வொருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டும். இதுவரை நானும் சபீனாவும் போட்டால் போதுமாக இருந்தது. சபீனா, "உனக்கு வேலை கெடைக்குதுன்னா நான் குறுக்க நிக்கமாட்டேன்பா" என்று சொல்லிவிட்டார். இப்போது உங்கள் பட்டியலும் உள்ளே இருக்கிறது. நீங்களும் போடவேண்டும். நிறுவனத்திலிருந்து உங்களுக்கு எழுதுவார்கள்.

வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்பீர்கள். எனக்கே தெரியவில்லை. சேர்க்கும்போது தெரிந்துதான் இருந்தது.

அப்பாவின் ஸ்கேன் பற்றி எழுதியதைச் சுசீலாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்புறம், "அவரு இப்போ எப்டி கீறாராம்?" என்று கேட்டாள். நீங்கள் எழுதவில்லையே.

பரந்தாமன்


ஆவடி,
27 ஆகஸ்ட் 2024

பரந்தாமன் அவர்களுக்கு,

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. உங்கள் மனைவி கேட்டதாக எழுதியிருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதையும் அவர் குரலிலேயே கேட்டேன்.

நிறுவனத்தின் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். எனக்கு ஆயுள் முழுக்க இலவசமாகத் தருவார்களாம்.

உங்கள்மேல் எனக்குக் கோபம். சொல்லாமல் இருக்க முடியாது. உங்களால் முடிவெடுக்க முடியாத ஒன்றை என் தலையில் வைத்துவிட்டு, ரயிலில் ஏறிப் போய்விட்டீர்கள். கையெழுத்துப் போட்டால் நானே என் கண்ணைக் கொடுத்தவளாவேன். போடாவிட்டால் ஒரு குடும்பத்தின் சோற்றைத் தட்டிவிட்டவளாவேன். இரண்டு நாள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்தேன். ஷோபனாவைக் கேட்டேன். "உனக்குத்தான் இலவசமாத் தராங்களே" என்றாள். அந்தச் சொல்தான் எனக்கு வழி காட்டியது. எனக்கு இலவசம். என்னிடம் படித்துவிட்டு இப்போது கல்லூரியில் இருக்கும் நிஷாவுக்கு? அவளும் என்னைப்போலத்தான், பார்வை கிடையாது. வேப்பம்பட்டு ரயிலில் ஊதுவத்தி விற்றுக்கொண்டே தேர்வுக்குப் படிக்கும் பார்வையற்றவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். மாதா மாதம் அவர்கள் கட்டுவார்களா?

நான் கையெழுத்துப் போடமாட்டேன். அவர்களுக்கும் எழுதிவிட்டேன். இதனால் உங்களுக்கு அந்த வேலை போகும் என்று தெரிந்துதான் மறுக்கிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று பின்னால் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டில் யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

சுலோசனா


ஆவடி,
30 செப்டம்பர் 2024

பரந்தாமன் அவர்களுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. உங்களுக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும். உங்கள் லைன் என்னவாயிற்று என்பதை மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் பக்கத்தில் புகார்கள் சேர்ந்துகொண்டே போவதைக் கவனித்தேன். பாதிக்கு மேல் புகாரே இல்லை, எப்படி நிறுவுவது என்ற கேள்விகள். எனக்குத் தெரிந்தவற்றுக்கு நான் பதில் எழுதத் தொடங்கிவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்ததற்கு மன்னிக்கவேண்டாம். நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறேன்.

சுலோசனா


வேப்பம்பட்டு,
13 அக்டோபர் 2024

டீச்சருக்கு,

உங்கள்மேல் கோபம் இல்லை. நடந்ததை எழுத நேரம் வேண்டியிருந்தது.

நீங்கள் மறுத்த பிறகும் அவர்கள் விடவில்லை. என்னைக் கூப்பிட்டுப் பேசினார்கள். "அந்தம்மாவோட லிஸ்ட மட்டும் எடுத்துட்டுக் குடுங்க, போதும். எங்க ஆளுங்களே புதுசா எழுதிப்பாங்க" என்றார்கள். சட்டப்படி அது சரி. உங்கள் கோப்பை நீக்கிவிட்டால் உங்கள் சம்மதம் தேவையில்லை. ஒரு கட்டளை அடித்தால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். கட்டளையைத் தட்டிவிட்டேன். கடைசி விசையை மட்டும் அழுத்தவேண்டும். அழுத்துவதற்கு முன் உங்கள் பட்டியலை ஒருமுறை உரக்கவிலேயே ஓடவிட்டுக் கேட்டேன். ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. கிராம நிர்வாக அலுவலர். முற்பகல். சாப்பாட்டுக்குப் பின். மேற்படி எண். சமையலறையிலிருந்து சுசீலா வந்து நின்று தன் குரலைக் கேட்டாள். "இதெல்லாம் நான் படிக்கவே இல்லியே. யாரு படிக்க வெச்சது?" என்றாள். ஆவடி டீச்சர் என்றேன். கட்டளையைக் காட்டி விஷயத்தையும் சொன்னேன்.

அவள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நானாகத்தான் அழித்தேன். உங்கள் பட்டியலை அல்ல, அந்தக் கட்டளையை.

அதனால் நீங்கள் உங்கள் பெயரைச் சொல்லச் சொன்னது தேவைப்படவில்லை. வேலை வேண்டாம் என்று எழுதியது நான். அவர்கள் சொந்தமாக ஒன்று செய்துகொள்ளப்போவதாகச் சொன்னார்கள். செய்யட்டும். நல்லதாகவே செய்வார்கள். காசு கட்ட முடிந்தவர்கள் அதை வாங்கட்டும்.

லைன் இன்னும் இங்கேதான் ஓடுகிறது. ஜனவரியில் போகும் என்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஓரிடத்தில் வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பு இருந்த எரிச்சல் இல்லை.

நீங்கள் எழுதிய பதில்களைப் பார்த்தேன். ஒருவர் 'வேலை செய்யவில்லை' என்று ஒரே வரி எழுதியிருந்தார். அவரிடம் நீங்கள் நிதானமாக நான்கு கேள்விகள் கேட்டு, ஸ்பீக்கர் இணைப்பே இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். நானாக இருந்தால் அதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிட்டிருக்கமாட்டேன்.

நிறுத்தச் சொல்லமாட்டேன். உங்களுக்கு முழு அனுமதியும் கொடுத்திருக்கிறேன். இன்றிலிருந்து நீங்கள் சேர்க்கலாம், நீக்கலாம், புதிய பதிப்பு விடலாம். என்னைக் கேட்கவேண்டியதில்லை. சபீனாவுக்கும் கொடுத்திருக்கிறேன்.

இந்த வாரம் எனக்கு லீவு. மாங்காட்டில் சுசீலாவின் அம்மா வீட்டுக்குப் போகிறோம். லேப்டாப்பை எடுத்துப் போகவில்லை. உரக்க தொடங்கியதிலிருந்து இதுதான் முதல்முறை.

பரந்தாமன்


ஆவடி,
16 அக்டோபர் 2024

தம்பி பரந்தாமனுக்கு,

நீங்கள் போன மறுநாளே மூன்று பேர் எழுதினார்கள். இரண்டு பேருக்கு வழி சொல்லிவிட்டேன். மூன்றாமவர் நன்றாகத் திட்டியிருந்தார். உங்களைத்தான். அவர் சொன்ன பிழை உண்மையானது. சபீனாவிடம் பேசினேன், இன்று மாலை திருத்திவிடுவதாகச் சொல்கிறார். திட்டியதற்கு நான் தனியாக ஒரு பதில் எழுதினேன். ஆசிரியை எழுதும் பதில். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த பதிப்பைச் சோதித்துப் பார்க்கத் தானே வருவதாக எழுதியிருக்கிறார்.

சுசீலாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தை ஊருக்குத் திரும்பி வந்த பிறகு படித்தால் போதும். மாங்காட்டில் யாருடைய செல்போனையாவது வாங்கி இப்போதே படித்துக்கொண்டிருந்தீர்களானால், தயவுசெய்து அதை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

சுலோசனா